சக்கிமுக்கிக் கல்லும் உடைமுள்ளும்: மரதன் பிளஸ் ரயர் பற்றி ஓய்வுபெற்ற தபாற்காரன் ஒருவனின் மதிப்பீடு

ஒரு சைக்கிள் ரயருக்கு 40 பவுண் கொடுத்தவனை எங்கள் ஊர்ச் சந்தியில் என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். இலங்கைக் காசில் அது 16,000 ரூபா அளவில் வரும். இரண்டு ரயர் போடும் காசுக்கு இங்கே ஓடும் நிலையில் உள்ள பழைய சைக்கிள் ஒன்றையே வாங்கிவிடலாம். பேரம் பேசத் தெரிந்தவர் என்றால் பூட்டும் சேர்ந்து வரும். இந்த ரயருக்குக் காசு கொடுத்தவர் லண்டன் ஹரோவில் இருக்கும் என் மருமகன். அதில் ஏறி லண்டனிலிருந்து பரிஸ் வரை போனவனும், இப்போது அதே ரயரை யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் உருட்டிக்கொண்டிருப்பவனும் நான். ஆகையால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் எழுத எனக்கு உரிமை இருக்கிறது.

ரயரின் பெயர் ஷ்வால்பே மரதன் பிளஸ். ஜேர்மன் நிறுவனத்தின் ரயர். இந்தோனேசியாவில் செய்யப்பட்டது என்று அதன் விலாவில் பொறித்திருக்கிறது. நாடு விட்டு நாடு சைக்கிளில் போகிறவர்கள் மத்தியில் இந்த ரயரைப் பற்றிச் சொல்லப்படுவது மூன்றே விடயம்: பாரம், விலை அதிகம், பஞ்சராகாது. முதல் இரண்டையும் தராசும் பற்றுச்சீட்டும் நிரூபித்துவிடும். மூன்றாவதை ஓடித்தான் பார்க்க வேண்டும்.

வேலை செய்த காலம் முழுவதும் தபாற்பையைக் கரியரில் கட்டிக்கொண்டு வலிகாமத்து ஒழுங்கைகளில் திரிந்தவன் நான். மற்றவர்களுக்குக் காற்றுப் போனால் அது அவர்களுடைய பாடு. தபாற்காரனுக்குக் காற்றுப் போனால் அன்றைக்கு ஒரு கிராமமே படலையில் வந்து நிற்கும். வெளிநாட்டுக் கடிதத்துக்குக் காத்திருக்கும் தாயிடம் போய், "முன்சில்லு பஞ்சர், அதுதான் தாமதம்" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். அதனால் ரயர் விடயத்தில் எனக்கு யாருடைய விளம்பரமும் தேவையில்லை. எந்த ஒழுங்கையில் எந்த மாதத்தில் எந்த முள் கிடக்கும் என்பதே எனக்கு ஒரு பாடத்திட்டமாக இருந்தது.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர்கள் லண்டனில் கூடி, காலிழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் மாற்றிக் கொடுப்பதற்கு நிதி சேர்த்து ஓடிய சைக்கிள் ஓட்டம் அது. போர் 2009இல் முடிந்துவிட்டது. ஆனால் செயற்கைக் கால் ஒருமுறை கொடுத்தால் முடிகிற காரியம் அல்ல. சில வருடங்களுக்கு ஒருமுறை தேய்ந்துபோகும். தோட்டத்தில் நின்று வேலை செய்பவருக்கு இன்னும் விரைவாகத் தேயும். நான் கடிதம் கொடுத்த வீடுகளில் அப்படிப்பட்ட வீடுகள் எவை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நெடுந்தூரம் நடந்தோ ஓடியோ நிதி சேர்க்கும் வழக்கமும் எங்களுக்குப் புதிதல்ல. 2011இல் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்காகத் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து வந்தவர்களைத் தெருவோரம் நின்று பார்த்தவர்கள் நாங்கள்.

இந்த ஓட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு ஒழுங்கு இருந்தது. கப்பல் டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவரவர் கைக்காசு. சேர்ந்த நிதியிலிருந்து ஒரு சதமும் பயணத்துக்கு எடுக்கவில்லை. பிரித்தானியாவில் வரி கட்டுபவர் ஒருவர் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு ஒரு பவுண் கொடுத்தால், அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். ஓடுபவரின் செலவை அறக்கட்டளை சுமந்தால், அவருடைய நெருங்கிய உறவினர் கொடுக்கும் காசுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. எங்கள் ஆட்களில் காசு கொடுப்பவர்களில் பாதிப்பேர் அண்ணன், அக்கா, மைத்துனர் என்றுதானே இருப்பார்கள்? அதனால் இந்த ஒழுங்கு சரியான ஒழுங்கு. "பரிஸைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நாங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கும் அது பதில்.

விசா எடுத்த கதையை எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரனுக்கு இங்கிலாந்துக்கு ஒன்று, பிரான்ஸுக்கு ஷெங்கன் விசா இன்னொன்று. ஷெங்கனுக்கு மட்டும் 90 யூரோ. ரயருக்கு வருவோம்.

சாதாரண ரயரில் வெளி இறப்பருக்கு அடியில் நூலிழை, அதற்கு அடியில் ரியூப். முள் மூன்றையும் கடக்க வேண்டிய தூரம் மிகக் குறைவு. மரதன் பிளஸில் வெளி இறப்பருக்கும் நூலிழைக்கும் நடுவே 5 மில்லிமீற்றர் தடிப்பில் மெத்தென்ற இறப்பர்ப் படை ஒன்று ஓடுகிறது. நீல நிறம். பலகையில் தாள் குத்தும் தட்டைத்தலை ஊசியின் முழு நீளமும் அதற்குள்ளேயே முடிந்துவிடும் என்பதுதான் நிறுவனத்தின் பெருமை. இது ஒன்றும் மந்திரம் அல்ல. தொண்ணூறுகளில் ரயருக்குத் தட்டுப்பாடு வந்து ஊரெல்லாம் சைக்கிளிலேயே வாழ்ந்த காலத்தில், தேய்ந்த ரயருக்குள் இன்னொரு பழைய ரயரின் பட்டியை வெட்டி வைத்து ஓடியவர்கள் நாங்கள். ரயருக்குள் ரயர். அந்தப் பட்டி உள்ளே நகர்ந்து ரியூப்பை உராய்ந்து தின்னும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை பிரித்துச் சரி செய்ய வேண்டும். ஜேர்மன்காரர் அதை நகராமல் சேர்த்து வார்த்திருக்கிறார்கள். 40 பவுண் அந்த நகராமைக்குத்தான்.

பூட்டுவது ஒரு சண்டை. ஹரோவில் மருமகனின் பின்வளவுக் கொட்டிலில் இரவு முழுக்க முனகிக்கொண்டு பூட்டினோம். ஒரு பக்க விளிம்பு ஏறிவிடும். மறுபக்கம் முக்கால்வாசி ஏறியதும் கடைசி ஒரு சாண் மட்டும் ரிம்மின் மேல் ஏறி நின்றுகொண்டு அசையாது. ஒரு முனையை நெம்பினால் மறுமுனை வெளியே வந்துவிடும். மருமகன் நெம்புகோலை முறித்துவிட்டார். நான் பழைய ரியூப்பை நாடாவாகக் கிழித்து, தபாற்பை கட்டுவது போல ஏறிய இடத்தில் ரிம்மோடு ரயரைச் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். பிறகு ரயரின் விளிம்பைச் சுற்றிவரப் பெருவிரலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறக்கிக்கொண்டு வந்து, விளிம்பில் சவர்க்கார நீர் தடவி அமுக்கினால், டொப் என்று உள்ளே போனது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்குரூ டிரைவரால் நெம்புகிறவர்கள் புது ரியூப்பைத் தாங்களே ஓட்டை போட்டுவிட்டு ரயரைக் குறை சொல்வார்கள். இன்னொன்று: இந்த ரயரின் விளிம்பில் கம்பி இருப்பதால் மடித்துப் பையில் வைக்க முடியாது. மாற்று ரயர் கொண்டுபோக நினைப்பவர்கள் அதை மறந்துவிட வேண்டும்.

லண்டனிலிருந்து தெற்கே போகும் வழியில் வேர்த் வழி, பொரெஸ்ற் வழி, குக்கூ வழி என்று பழைய ரயில் பாதைகளைச் சைக்கிள் வழியாக்கியிருக்கிறார்கள். மரங்களுக்கு நடுவே நிழலான வழி. நாங்கள் போனது செப்ரெம்பரில். அங்கே கோடை முழுவதும் பறவைகள் கூடு கட்டுகின்றன என்பதற்காக வயல் வேலிகளை வெட்டாமல் விட்டு, செப்ரெம்பர் பிறந்ததும் இயந்திரத்தால் ஒரே வெட்டாக வெட்டுகிறார்கள். அந்த வேலி வெறும் வேலி அல்ல, முள் மரம். வெட்டிய முள் அத்தனையும் தெருவில். எங்கள் ஊரில் கிளுவங்கதியால் வெட்டி வேலி அடைக்கும் காலத்தில் ஒழுங்கைக்குள் சைக்கிளை உருட்டிப் போக வேண்டிய நிலை வருமே, அதேதான். கிளுவை முள் குட்டை. அவர்களுடைய முள் நீளம், ஒல்லி, இரும்பு மாதிரி விறைப்பு. என்னுடைய ரயரில் அவை ஏறின. உள்ளே போகவில்லை.

ஆனால் முள்ளைவிடப் பெரிய எதிரி கல். இங்கிலாந்தின் தென் கரையிலும் கடல் தாண்டிப் பிரான்ஸின் நோர்மண்டியிலும் மண்ணுக்கு அடியில் வெள்ளைச் சுண்ணப் பாறை. அந்தப் பாறைக்குள் சக்கிமுக்கிக் கல் கட்டி கட்டியாகப் புதைந்திருக்கிறது. உழும்போது வெளியே வரும், உழவு இயந்திரத்தின் சில்லில் ஒட்டித் தெருவுக்கு வரும், மழை பெய்தால் கழுவிக்கொண்டு ஓரத்துக்கு வரும். சைக்கிள்காரன் போவதும் அந்த ஓரத்தில்தான். ஆதி மனிதன் கத்தி செய்த கல் அல்லவா, உடைந்தால் கண்ணாடிச் சில்லுப் போல விளிம்பு. போதாததற்கு நனைந்த இறப்பர் காய்ந்த இறப்பரைவிட இலகுவாக வெட்டுப்படும். மழைநாளில் அந்த வழியில் காற்றுப் போகாமல் போவது பெரும் அதிர்ஷ்டம் என்று உள்ளூர்க்காரர்களே சொல்கிறார்கள்.

எங்கள் கூட்டத்தில் இளைஞர்கள் பலர் மெல்லிய பந்தய ரயரோடு வந்திருந்தார்கள். பார்க்க அழகு, ஏற்றத்தில் பறப்பார்கள். மழை தொடங்கிய பிறகு ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்திருந்தார். நான் மணியடித்துக்கொண்டு கடந்து போனேன். "மாமா, நில்லுங்கள்!" என்று சத்தம் வரும். நின்று பம்பைக் கொடுப்பேன். நல்ல காரியத்துக்கு ஓடும் கூட்டத்தில் ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும் என்பது விதி. நனைந்துகொண்டு நிற்கும்போதுதான் ஐந்து மில்லிமீற்றரின் அருமை மற்றவர்களுக்கும் புரிந்தது. அவர்களுடைய ரயர் கெட்ட ரயர் என்று நான் சொல்லமாட்டேன். அது வேறு வேலைக்குச் செய்தது.

இரவு தங்கிய இடத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பின்சில்லை மெல்ல மெல்லச் சுழற்றுவது என் வழக்கமாகிவிட்டது. சேட்டில் குத்தும் ஊக்கினால் ஒவ்வொரு வெட்டையும் கிளறிப் பார்ப்பேன். ஒரு வெட்டுக்குள் ஊக்கு முனை பட்டதும் 'கிரிக்' என்றது. கிளறி எடுத்தால், நகக்கண் அளவில் கறுப்புச் சில் ஒன்று; ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் சுண்ணாம்பு ஒட்டியது போல வெள்ளைத் தோல். அது இருந்த பள்ளத்தை விரித்துப் பார்த்தேன். அடியில் நீலம் தெரிந்தது. நீலத்தின் மேல் ஒரு கீறல், அவ்வளவுதான். இந்தக் கிளறும் வேலையைச் செய்யாமல் விட்டால், உள்ளே இருக்கும் சில் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகும். எந்தப் படையும் அதைத் தாங்காது. பஞ்சராகாத ரயர் என்று சொல்லிவிட்டு ரயரைத் திரும்பிப் பாராதவர்கள் கடைசியில் காற்றுப்போய் நிற்பது இதனால்தான்.

பின்சில்லில் வெட்டுகள் அதிகம், முன்சில்லில் மிகக் குறைவு. எப்போதும் அப்படித்தான். ஆளின் பாரமும் கரியரின் பாரமும் பின்னால். அதோடு தெருவில் படுத்துக் கிடக்கும் முள்ளை முன்சில்லு ஏறி நிமிர்த்திவிடும், பின்சில்லு வந்து வாங்கிக்கொள்ளும். இதை ஏன் சொல்கிறேன் என்றால் கடைசியில் காசுக் கணக்கில் இது வரும்.

இனிக் குறைகள். ஒரு ரயர் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஏற்றம் என்றால் பாலத்தில் ஏறுவது. கியர் என்ற பொருளே எனக்குத் தேவைப்பட்டதில்லை. இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் குன்றுகளில் ஏறும்போது அந்தப் பாரத்தை ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் எண்ணிக்கொண்டிருந்தது. நின்றுவிட்டுத் திரும்ப மிதிக்கத் தொடங்கும் இடத்தில்தான் பாரம் அதிகம் தெரியும். ஓட்டம் பிடித்த பிறகு அவ்வளவாகத் தெரியாது. சமநிலத்தில்கூட மெல்லிய ரயர்க்காரன் மிதிக்காமல் உருளும் தூரத்துக்கு நான் மிதித்துத்தான் போக வேண்டியிருந்தது. தடித்த இறப்பர் நசுங்கி நிமிர்வதிலேயே பலத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதோடு இந்த ரயர் விறைப்பு, புழுக்கொடியலைக் கடிப்பது மாதிரியான விறைப்பு. தெருவின் ஒவ்வொரு வெடிப்பும் மணிக்கட்டில் தெரியும். பரிஸ் நகருக்குள் கல் பதித்த வீதிகளில் என் பல் கட்டு கழன்றுவிடுமோ என்று பயந்தேன்.

இங்கிலாந்தின் நியூஹேவன் துறைமுகத்திலிருந்து பிரான்ஸின் தியெப்புக்குக் கப்பல் நான்கு மணித்தியாலம். இறங்கியதும் தெருவின் வலப்பக்கம் போக வேண்டும். இங்கிலாந்துக்காரர்களைப் போலவே நாங்களும் இடப்பக்கத்துக்குப் பழகியவர்கள், ஆகையால் முதல் சுற்றுவட்டத்தில் எல்லோரும் தடுமாறினார்கள். தியெப்புக்கு வெளியே ஆர்க்-லா-பத்தாய் ஊர்ப்பக்கத்திலிருந்து போர்ஜ்-லேஸ்-ஓ வரைக்கும் 40 கிலோமீற்றருக்கு மேல் பழைய ரயில் பாதையில் தார் போட்டு வைத்திருக்கிறார்கள். ரயில் ஓடிய பாதை என்பதால் கடும் ஏற்றமே இல்லை. ஆப்பிள் தோட்டம், மாடு, பழைய ஸ்டேஷன் கட்டடம். யாழ்ப்பாணத்து மனிதன் யாழ்ப்பாணத்து வேகத்தில் போகக்கூடிய இடம் அதுதான். எங்கள் ரயில் பாதையும் 1990க்குப் பிறகு இல்லாமல் போனது. தண்டவாளத்தையும் சிலிப்பர்க் கட்டையையும் பதுங்குகுழிகள் தின்றன. 2014இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ரயில் வந்தது. நடுவில் இருந்த வருடங்களில் அந்த மேட்டில் நாங்களும் சைக்கிள் ஓடியவர்கள்தான், தார் மட்டும் இல்லை.

அந்த வழியில் ரயரின் உண்மையான பெறுமதி எனக்கு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை நோர்மண்டிக் கிராமம் ஒன்றில் கடை திறந்திருக்காது. பாண் கடை மத்தியானத்தோடு பூட்டிவிடும். சைக்கிள் திருத்தும் கடை இருக்கும் ஊருக்கு இன்னும் எத்தனையோ மைல். எங்கள் ஊரில் சந்திக்குச் சந்தி ஒரு சைக்கிள் கடை, வாசலில் ஒரு தகரத் தண்ணீர்த் தொட்டி, ஒட்டுப் போடுவதற்கு ஒரு தேத்தண்ணீர்ச் செலவு. அங்கே அப்படி எதுவும் கிடையாது. காற்றுப்போனால் நீதான் கடைக்காரன். எனவே 40 பவுண் என்பது ரயரின் விலை என்பதைவிட, வழியில் இல்லாத கடைகளின் விலை என்று சொன்னால் பொருந்தும்.

செயற்கைக் காலைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. ஜெய்ப்பூர்க் கால் என்ற செயற்கைக் காலுக்கும் சைக்கிள் பஞ்சருக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதைக் கப்பலில்தான் எங்கள் கூட்டத்தில் வந்த வைத்தியர் ஒருவர் சொன்னார். 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கிய கால் அது. சர்மா சைக்கிளில் போகும்போது காற்றுப்போய்விட, திருத்தக் கொடுத்த தெருவோரக் கடையில் லொறி ரயர் ஒன்றுக்கு இறப்பரைச் சூடேற்றி ஒட்டிக்கொண்டிருந்தார்களாம். அதைப் பார்த்த இடத்தில்தான் காலை அப்படி வார்க்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது என்று சொல்வார்கள். மரத்துண்டு, மெத்தென்ற இறப்பர், ரயர் நூலிழை கலந்த இறப்பர், எல்லாவற்றையும் அச்சில் அடுக்கிச் சூடேற்றி ஒன்றாக்குகிறார்கள். அந்தக் காலோடு சம்மணம் கட்டலாம், குந்தி இருக்கலாம், செருப்பில்லாமல் வயலுக்குள் இறங்கலாம். வெள்ளைக்காரச் சப்பாத்துக்கென்று செய்த கால் எங்கள் தோட்டக்காரருக்கு உதவாது. "அன்றைக்கு அந்த மனுசனின் சைக்கிளில் மரதன் பிளஸ் இருந்திருந்தால் கால் கிடைத்திருக்காது, மாமா" என்றார் மருமகன். கப்பலே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

பரிஸில் ஈபெல் கோபுரத்தடியில் படம் எடுத்தார்கள். எனக்கு அதற்குப் பிறகு தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் கிடைத்த இடியப்பமும் சொதியும்தான் நினைவில் நிற்கிறது.

சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தேன். இங்கேதான் சோதனையின் அடுத்த பாகம். பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போகும் வழியில் சோழகக் காற்று முகத்தில் அறையும் மாதங்களில் இந்த ரயரின் பாரம் ஒரு பொருட்டே அல்ல, காற்றே போதும். தீவுப் பக்கத்து உடைமுள்ளை நான் நன்றாக மதிப்பவன். வெள்ளையாய், விரல் நீளத்தில், காய்ந்தால் ஆணி. ஐந்து மில்லிமீற்றர் படை அதன் நீளத்துக்குப் போதுமா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. நேரே நிமிர்ந்து நின்றால் போதாது என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் முள் நேரே நிற்பதில்லை. சரிந்து கிடக்கும், ஏறியதும் மெத்தென்ற படையில் வளைந்து முறியும். முறிந்த துண்டை வீட்டுக்கு வந்து குறட்டால் இழுத்தெடுப்பேன். நெருஞ்சி முள்ளைப் பற்றிக் கதையே இல்லை. பனங்கருக்கு ரயரின் விலாவில் கீறியது. விலாவில் அந்தப் படை கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். வடமராட்சி கிழக்கு மணலில் இந்த ஒடுங்கிய அளவு ரயர் புதையும். மாரியில் செம்மண் சேறு அதன் வெட்டுக்களில் அப்பிக்கொண்டு மட்காட்டுக்குள் இறுகிவிடும். அந்த இடங்களில் அகலமான சாதாரண ரயர் மேல்.

காற்றடிப்பதுதான் பெரும் பாடு. எங்கள் சைக்கிள்களில் இருப்பது குட்டி இறப்பர்க் குழாய் மாட்டிய பழைய வால்வ். மருமகனின் சைக்கிளில் இருப்பது ஊசி போல ஒல்லியான பிரெஞ்சு வால்வ். ஊர்க் கடைப் பம் அதற்குப் பொருந்தாது, மோட்டார்ச் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் இயந்திரமும் பொருந்தாது. விரல்நுனி அளவில் பித்தளை மூடி ஒன்று இருக்கிறது. அதைத் திருகிவிட்டால் காற்றடிக்கும் இயந்திரம் பிடிக்கும். அதைச் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருக்கிறேன். அடித்த பிறகு பெருவிரலால் அமுக்கிப் பார்த்துக் காற்றை மதிப்பிடும் எங்கள் பழக்கமும் இந்த ரயரில் பலிக்காது. காற்றே இல்லாவிட்டாலும் தடித்த இறப்பர் கல்லாக நிற்கும். அழுத்தமானி இல்லாமல் இதை ஓட வேண்டாம். அழுத்தத்தின் எல்லை ரயரின் விலாவில் அச்சிட்டிருக்கிறது.

அளவு பற்றியும் ஒன்று. லண்டனில் இருக்கும் உறவினரிடம் "28 இஞ்சி ரயர் அனுப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் பழைய நெட்டைச் சைக்கிளும் 28, இந்த ரயரும் 28. ஆனால் எங்கள் ரிம்முக்கு விளிம்பு விட்டம் 635 மில்லிமீற்றர், என்னுடைய இந்த ரயருக்கு 622. எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும் ஏறாது. ரயரின் விலாவில் 37-622, 40-635 என்று இரண்டு இலக்கம் கோடிட்டு எழுதியிருக்கும். அதில் பின்னாலுள்ளதைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் சந்திக் கடைக்காரத் தம்பியிடம் சில்லை ஒருமுறை கொடுத்தேன், கம்பி இறுக்குவதற்கு. ரயரைச் சுற்றி வந்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, எல்லோரும் இதைப் போட்டால் நான் கடையைப் பூட்டிவிட்டுக் கடலுக்குத்தான் போக வேண்டும்" என்றான். பிறகு அதைக் கழற்ற முயன்றபோது அவன் அபிப்பிராயம் மாறியது. "இல்லை ஐயா, பூட்டத் தேவையில்லை. இதைக் கழற்றிப் பூட்டவே மூன்று மடங்கு கூலி வாங்கலாம்."

என் முடிவு இதுதான். யாழ்ப்பாணத்துக்குள் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓடுகிறவர்களுக்கு இந்த ரயர் வீண் செலவு. அந்தக் காசுக்கு எத்தனையோ வருடம் ஒட்டுப் போடலாம், கடைக்காரத் தம்பியும் பிழைப்பான். நாடு கடந்து நெடுந்தூரம் போகிறவர்கள், கரியரில் பாரம் கட்டுகிறவர்கள், பின்னால் ஒரு கூட்டம் காத்திருக்கும்படி ஓடுகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். அதிலும் இரண்டு சில்லுக்கும் தேவையில்லை. பின்சில்லுக்கு மட்டும் மரதன் பிளஸ் போட்டுவிட்டு, முன்னுக்கு அதே நிறுவனத்தின் வெறும் மரதனைப் போடலாம். அதற்கும் காவல் படை இருக்கிறது, தடிப்புக் குறைவு, பாரமும் விலையும் குறைவு, மணிக்கட்டும் பிழைக்கும். மருமகனிடம் அடுத்த வருட ஓட்டத்துக்கு அப்படித்தான் பூட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஊருக்குக் கொண்டுவருபவர்கள் வெயிலில் நிறுத்தாதீர்கள். எங்கள் வெயிலில் விலா இறப்பர் வெடிக்கத் தொடங்கும், நடுப்பகுதி புதிதாக இருந்தாலும். தேய்மானத்தில் நீலம் புள்ளியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பட்டையாகத் தெரிந்தால் மாற்றுங்கள். அந்தப் பித்தளை மூடியில் இரண்டு வாங்குங்கள். ஒன்று கட்டாயம் காற்றடிக்கும் கடையில் தவறிவிடும்.